ஹவில்தார் சபாபதி இரண்டாவதாக ஏறிய மலைகள்

1921-ஆம் ஆண்டு, மலாயாவில் ரெங்கத்துக்குக் கிழக்கே மனிதக் காலே படாத மலையொன்றின் உச்சியை ஹவில்தார் சபாபதி அடைந்தபோது, அங்கே அவர் பெண்டாட்டி பேச்சியம்மாள் சோற்றுத் தூக்கோடு உட்கார்ந்திருந்தாள். கருவாட்டுக் குழம்பு. சபாபதி அட்டைக்கடியோடு ஒன்பது நாள் ஏறியிருந்தார். அவளோ அன்று விடியலில் தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கொடுத்து, முந்நூறு ரப்பர் மரத்தில் பால் வெட்டி, பாலை நிறுத்துப் போட்டுவிட்டு வந்திருந்தாள். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியின் பதிவும் அப்படித்தான் சொல்கிறது. வராத ஆளை வந்ததாக எழுதும் தாராளம் அந்தக் கிராணிக்கு என்றுமே இருந்ததில்லை.

“சாப்பிடாம மொறைச்சிக்கிட்டுக் கெளம்பிட்டா விட்டுடுவனா?” என்றாள்.

மெசபடோமியாவில் துருக்கிக் குண்டுக்குத் தப்பிய சபாபதியால் இந்தத் தூக்குக்குத் தப்ப முடியவில்லை. யாரும் ஏறாத மலையில் முதலில் கால் வைப்பவருக்கு ஜமேதாராகப் பதவி உயர்வு என்று மேஜர் துரை வாக்குக் கொடுத்திருந்தார். துரை நேர்மையானவர், ஏற மாட்டார். அடிவாரத்தில் நாற்காலி போட்டுத் தொலைநோக்கியில் பார்ப்பார். பதினொரு வருஷத்தில் ஏழு மலை. ஏழிலும் அவர் கண்ணில் முதலில் பட்டது பேச்சியம்மாளின் சேலைதான். பட்டாளத்தில் சபாபதிக்குச் ‘சோத்து ஹவில்தார்’ என்று பேராகிவிட்டது.

1932-இல் எட்டாவது மலை. அதோடு ஓய்வு. சபாபதி பெண்டாட்டியைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

“இந்த ஒரு மலைக்கு மட்டும் வராத, தாயி. மானம் போவுது.”

“வரல. நீங்களே போய் நின்னுக்குங்க.”

சொன்ன சொல் தவறவில்லை. உச்சி காலியாகக் கிடந்தது. ஓரடி கீழே நின்ற சபாபதி, ஜமேதார் ஆவதற்குத் தூக்கிய காலைத் திரும்பக் கீழே வைத்தார். அவளில்லாத உச்சி அவருக்குப் பிடிக்கவில்லை. அழுகை வந்தது. அடிவாரத்திலிருந்து துரை கொடியாட்டினார், வானத்தைப் பார்த்துச் சுட்டார், தெரிந்த மலாய் வசவையெல்லாம் தீர்த்தார். மூன்று நாள் சபாபதி அசையவில்லை. பையிலிருந்த பிஸ்கட்டையும் தொடவில்லை.

நான்காம் நாள் மத்தியானம், கையில் ரப்பர்ப் பால் காயாமல் பேச்சியம்மாள் உச்சியில் நின்றாள்.

“வராதன்னீங்களே?”

“பசிக்குது, பேச்சி.”

அவள் தூக்கைத் திறந்தாள். அவர் இரண்டாவதாக ஏறினார்.

துரை வாக்குத் தவறாதவர். ஜமேதாரின் சிவப்புக் கச்சையைப் பேச்சியம்மாளுக்கே அனுப்பி வைத்தார். அவள் அதை நாலாக மடித்து, உலைப்பானை இறக்கும் பிடிதுணி ஆக்கிக்கொண்டாள். அன்றிலிருந்து சபாபதி தினமும் அவளுக்கு ஒரு சல்யூட் அடித்துவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தார்.