மூன்றாவது சுற்று

இரண்டு ஹெல்மெட்டுகளையும் இடது கையில் கோத்துக்கொண்டு, வலது கையால் கணவருடைய ஷூ நாடாவை அவிழ்க்கப் பார்த்தாள் அவள். வரவில்லை. எப்போதும் இரட்டை முடிச்சுதான் போடுவார் அவர். ஓடுகிற பைக்கில் நாடா அவிழ்ந்து செயினில் மாட்டிக்கொண்டால் என்ன ஆவது என்று ஒரு பயம். பைக்கில் அவர் பயப்படாத பாகம் என்று ஒன்று கிடையாது.

“விடுங்கம்மா, வெட்டி எடுத்துடலாம்,” என்றாள் நர்ஸ்.

“வேண்டாம். புது ஷூ.”

சொன்ன பிறகுதான், சொன்னது என்ன என்று அவளுக்கு உறைத்தது. நர்ஸ் கத்தரிக்கோலை மேசைமேல் வைத்துவிட்டு, தானே குனிந்து நகத்தால் முடிச்சை நெம்ப ஆரம்பித்தாள்.

அது பந்தய மைதானத்தின் மருத்துவ அறை. ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு அலமாரி, கை கழுவ ஒரு தொட்டி. பிற்பகலின் பெரிய பந்தயம் தொடங்கியிருந்தது. வண்டிகள் வெளியே நேர்ப்பாதையைக் கடக்கும்போதெல்லாம் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, மேசைமேல் கத்தரிக்கோல் கிணுகிணுத்தது. இந்தப் பந்தயத்தைப் பார்க்கத்தான் அவர் ஒரு வருஷமாக நாள் எண்ணிக்கொண்டிருந்தார். இப்போது பத்தடி தூரத்தில் சுவருக்கு இந்தப் பக்கம் படுத்திருக்கிறார். பன்னிரண்டு ஐம்பதுக்கு மாரடைப்பில் உயிர் பிரிந்ததாக டாக்டர் எழுதியும் ஆகிவிட்டது.

ஐம்பத்திரண்டு வயது. பல் டாக்டர்களுக்குப் பொய்ப்பல் செட் செய்துகொடுக்கிற வேலை. எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் நக இடுக்கில் கொஞ்சம் வெள்ளைப் பவுடர் மிச்சமிருக்கும். இப்போதும் இருந்தது.

டாக்டர் ஒரு படிவத்தோடு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சின்ன வயசுக்காரர். கேட்கச் சங்கடப்படுகிறார் என்பது பேனாவைத் திறந்து திறந்து மூடியதில் தெரிந்தது.

“வண்டில வரும்போது ஏதாவது சொன்னாராம்மா? வலிக்குதுன்னோ, நிறுத்துன்னோ?”

“ரெண்டு பேரும் ஹெல்மெட் போட்டிருந்தோம். பேசினா கேக்காது.”

“கடைசியா எப்ப நல்லா இருந்தாரு?”

“கிளம்பும்போது.”

டாக்டர் எழுதிக்கொண்டார். அவள் கேட்டாள். “முன்னாடியே நிறுத்தியிருந்தா, டாக்டர்?”

“எவ்வளவு முன்னாடி?”

“ஒரு ஆறு நிமிஷம்.”

அவர் பேனாவை மூடிவிட்டு நிமிர்ந்து அவளைப் பார்த்தார். “சொல்ல முடியாதும்மா. சிலருக்கு ஆறு நிமிஷத்துல எல்லாமே மாறிடும். சிலருக்கு ஆஸ்பத்திரிக் கட்டில்லயே இருந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது. இதையே போட்டுக் குழப்பிக்காதீங்க.”

ஆறு நிமிஷம் என்று எப்படி இவ்வளவு சரியாகச் சொல்கிறாள் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள் என்றுதான் அப்போது அவளுக்குத் தோன்றியது.

அவள் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். பத்தொன்பது வருஷமாக அதே வேலை. சேர்ந்த முதல் வாரமே ஒவ்வொருவருக்கும் ஒரு பாடம் உண்டு. ஓட்டிக்கொண்டிருக்கும்போது திடீரென்று டாஷ்போர்டில் ஒரு தட்டுத் தட்டுவாள். தட்டினால் வண்டி நிற்க வேண்டும். எதுக்கு, ஏன் என்று திரும்பிப் பார்த்தால் திட்டு விழும். “முதல்ல நிறுத்து, அப்புறம் கேளு!” வீட்டில் தூக்கத்தில்கூட இதைச் சொல்வாள் என்று அவர் கேலி செய்வார்.

பைக்கிலும் அந்த வழக்கத்தைத்தான் வைத்திருந்தாள். பின்னால் ஏறி உட்கார்ந்ததும் அவள் தோளில் அவர் இரண்டு முறை தட்ட வேண்டும். போகலாம் என்று அர்த்தம். ஒரு தட்டு என்றால் நிறுத்து. கல்யாணமான புதிதில் அவள் போட்ட சட்டம் அது. அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. கற்றுக்கொடுக்கிறேன் என்று அவள் எத்தனையோ தடவை சொல்லியும் மசியவில்லை. ஆனால் ரேஸ் பைத்தியம். எந்த வருஷம் யார் எந்த வளைவில் விழுந்தார் என்பது வரை சொல்வார். அதனால் ரசிகர்களுக்கென்று நடக்கிற இந்த வார இறுதிக்கு, பதினோரு வருஷமாக அவள் ஓட்ட, அவர் பின்னால் மடக்கு நாற்காலியும் கூடாரமுமாக உட்கார்ந்து வந்தார்.

வருகிற ஆண்கள் எல்லாம் ஓட்டி வருவார்கள். இவர் ஒருவர்தான் பின்சீட்டு. கூட்டாளிகள் வைத்த பெயர் லக்கேஜ். “லக்கேஜ் வந்தாச்சா?” என்று யாராவது கூப்பிட்டால், “உடையற சாமான், பாத்து எறக்குங்க,” என்று அவரே சொல்லிக்கொண்டு இறங்குவார். அவருக்கு அதில் வருத்தம் இருந்ததாக அவள் ஒருநாளும் பார்க்கவில்லை. இந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து இறங்கும்போதும் அதையேதான் சொன்னார்.

ஒரு தட்டு என்பது நாளடைவில் தேய்ந்துபோயிருந்தது. குறுகிய வளைவு வந்தால் ஒரு தட்டு. லாரி அருகில் வந்தால் ஒரு தட்டு. நாய் தெரிந்தால் ஒரு தட்டு. அவளும் நிறுத்துவதை விட்டு வருஷக்கணக்காகிவிட்டது.

சனிக்கிழமை சாயங்காலம் கூடாரங்களுக்கு நடுவே எல்லோரும் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ரேடியோ என்று பெயரெடுத்த ஒரு கூட்டாளி உண்டு. வாயை மூடாமல் பந்தய வர்ணனை செய்துகொண்டே இருப்பான். அவன்தான் ஆரம்பித்தான். “நாளைக்கு டிராக்ல மூணு ரவுண்டு. லக்கேஜ் தாங்குமா?” அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். “இவர் தாங்குவாரு. என் முதுகுதான் தாங்காது. பயந்து பயந்து தட்டித் தட்டியே வீங்க வெச்சிருக்காரு. மனுஷனா, மத்தளக்காரனா?” எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிரித்து முடித்து, டம்ளரில் இருந்த டீயைப் பார்த்துக்கொண்டு, “சரி, நாளைக்கு ஒரு தடவைகூடத் தட்டமாட்டேன். எல்லாரும் சாட்சி,” என்றார்.

ஞாயிறு காலை அவர் இடது தோளைத் தேய்த்துக்கொண்டே கூடாரத்தை விட்டு வெளியே வந்ததை அவள் பார்த்தாள். “என்னங்க?” என்றதற்கு, “கீழ கல்லு ஒண்ணு இருந்திருக்கு. ராத்திரி பூரா அதோட சண்டை,” என்றார். பாயைத் தூக்கிக் கல் இருக்கிறதா என்று அவள் பார்க்கவில்லை.

ரசிகர்கள் சுற்றுவது மதிய இடைவேளையில். முன்னால் ஒரு கார் போகும். அதை முந்தக் கூடாது, அறுபதைத் தாண்டக் கூடாது, நடுவில் எங்கும் நிறுத்தக் கூடாது. மூன்று சுற்று. அவ்வளவுதான். அதற்காகத்தான் நூறு நூற்றைம்பது வண்டிகள் அதிகாலையிலிருந்து துடைத்துத் துடைத்து மினுக்கப்பட்டிருந்தன. அவர் பின்னால் ஏறினார். பின்சீட்டுக்காரர் பிடித்துக்கொள்வதற்காக அவள் இடுப்பில் கட்டியிருந்த பட்டையின் இரண்டு கைப்பிடி வார்களிலும் வழக்கம்போல் மணிக்கட்டை இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டார். பிறகு வலது கையை மட்டும் உருவித் தோளில் இரண்டு முறை தட்டினார். அவள் கிளம்பினாள்.

முதல் சுற்றில் ஒரு தட்டுக்கூட இல்லை. பாவம், பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. இரண்டாவது சுற்றில், ஏழாவது வளைவுக்குச் சற்று முன், தோளில் விழுந்தது ஒரு தட்டு. பலமாக இல்லை. அங்கே பயப்பட ஒன்றும் இல்லை. பாதை நேராக இருந்தது. வாக்குக் கொடுத்து ஒரு நாள் முழுசாகவில்லை, அதற்குள் மீறிவிட்டாரே என்று அவளுக்கு ஒரு எரிச்சல். நிறுத்தினால் கொடி காட்டுவார்கள், வரிசை குலையும், ரேடியோ அடுத்த பதினோரு வருஷத்துக்கு அதையே சொல்லிக்கொண்டிருப்பான். அவள் நிறுத்தவில்லை.

சுற்று முடிகிற இடத்தில் ஆம்புலன்ஸ் கதவு திறந்தபடி நின்றது. அதன் ஊழியர் படியில் உட்கார்ந்து, போகிற வண்டிகளுக்கெல்லாம் கையசைத்துக்கொண்டிருந்தார். அவளும் கையசைத்துவிட்டுக் கடந்துபோனாள்.

அதற்குப் பிறகுதான் முதுகில் கனம் வந்தது. பதினோரு வருஷத்தில் முதல்முறையாக அவர் வளைவில் அவளோடு சேர்ந்து சாய்ந்தார். விறைப்பாக நிமிர்ந்து உட்காரும் மனிதர், மாவுமூட்டை மாதிரி முழுசாக அவள்மேல் சாய்ந்திருந்தார். அப்பாடா, கடைசியில் நம்பிக்கை வந்துவிட்டது என்று அவள் நினைத்தாள். அந்த மூன்றாவது சுற்று முழுக்க அவள் சந்தோஷமாக ஓட்டினாள். ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, முகத்தில் காற்றை வாங்கிக்கொண்டு ஓட்டினாள்.

நாத்தனார் வந்து சேர மூன்று மணி ஆகிவிட்டது. அம்மா இல்லாத வீட்டில் தம்பியைத் தூக்கி வளர்த்தவள். பள்ளிக்கூட அலுவலகத்தில் முப்பது வருஷம் இருந்ததால் அழுவதற்கு முன் விவரம் கேட்கிற பழக்கம். அறைக்குள் போய்த் தம்பியின் முகத்தைப் பார்த்தாள், தலைமுடியை ஒதுக்கிவிட்டாள், போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள். வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள்.

“சாப்பிட்டானா காலைல?”

“ரெண்டு வாழைப்பழம் அண்ணி.”

“மாத்திரை?”

“போட்டாரு.”

“இந்தச் சனியன் புடிச்ச வண்டியை வித்துத் தொலைங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்.” உடனே அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “வண்டி என்ன பண்ணும். விதி முடிஞ்சா வீட்டுல இருந்தாலும் போறதுதான். நீ பாவம், தனியா என்ன பாடுபட்டியோ.”

உடம்பை உடனே எடுத்துப்போக முடியவில்லை. மைதானத்தில் இருப்பது ஒரே ஆம்புலன்ஸ். பந்தயம் முடியாமல் அது இடத்தை விட்டு நகரக் கூடாது. வெளியே வண்டிகள் மிச்சச் சுற்றுகளை ஓடி முடிக்கிற வரைக்கும் இரண்டு பேரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். சத்தம் வந்து வந்து போனது. நாத்தனார் அழுதாள். அவளுக்கு அழுகை வரவில்லை. அதை யாராவது கவனிக்கிறார்களா என்றுகூடப் பார்த்துக்கொண்டாள்.

ரேடியோ வந்தான். வாயில் ஒரு வார்த்தை இல்லை. கையில் ஒரு கவர். டிராக்கில் சுற்றுகிறவர்களை வளைவில் நின்று படமெடுத்து, நம்பர் பார்த்துக் கொடுக்கிற கடை ஒன்று உண்டு. இவர்கள் எண்ணைப் பார்த்து வாங்கி வந்திருந்தான். யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நாத்தனாரிடம் நீட்டினான்.

நாத்தனார் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

“பாரேன், எப்படிச் சாஞ்சிருக்கான்னு. சின்னப் புள்ளைல என் முதுகுல இப்படித்தான் தூங்கிட்டே வருவான்.” புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “நீயும் சிரிச்சிட்டிருக்க. இதையே பெருசு பண்ணி வீட்டுல மாட்டிடலாம். வேற படமே வேண்டாம்.”

அவள் படத்தை வாங்கிப் பார்த்தாள். ஏழாவது வளைவு. ஹெல்மெட் கண்ணாடி மேலே தூக்கியிருந்தது. பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவர் ஹெல்மெட் அவள் தோளில் ஒருபக்கமாகச் சரிந்திருந்தது. இடது மணிக்கட்டு வாரில் சிக்கியிருந்தது. தட்டிய வலது கை தொடைக்குப் பக்கத்தில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல முடியாது என்று தெரிந்தது. அந்தப் படம் சுவரில் ஏறிவிடும்.

“அண்ணி, இதுக்கு முன்னாடி ரவுண்டுல அவர் என் தோள்ல தட்டினாரு.”

“ம்?”

“ஒரு தட்டு. நான்... நான் நிறுத்தல.”

நாத்தனார் அவளைப் பார்த்தாள். கண் மறுபடி நிறைந்தது. இரண்டு கையாலும் அவள் முகத்தைப் பிடித்துக்கொண்டாள்.

“தட்டிக் கொடுத்தானா? கடைசியா உன்னைத் தட்டிக் கொடுத்துட்டா போயிருக்கான்? குடுத்து வெச்சவடி நீ.”

அவள் வாயைத் திறந்தாள். ரேடியோ நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தான். அந்தத் தட்டு எதற்கென்று அவனுக்குத் தெரியும், சனிக்கிழமை சிரித்தவர்களில் அவனும் ஒருவன். அவன் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போய்விட்டான். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

நாலரைக்குப் பந்தயம் முடிந்தது. யாரோ ஜெயித்திருந்தார்கள், மைதானமே கத்தியது. ஆம்புலன்ஸை அறை வாசலுக்கே பின்னோக்கி எடுத்து வந்தார்கள். நாத்தனார் தன் காரில் பின்னால் வருவதாகச் சொன்னாள். படமும் நாத்தனாரிடம்தான் இருந்தது. பைக்கை ரேடியோ ஓட்டி வருவான்.

அவள் ஸ்ட்ரெச்சருக்குப் பக்கத்தில் இருந்த குட்டிச் சீட்டில் உட்கார்ந்தாள். ஷூ இரண்டையும் நாடா அறுபடாமல் கழற்றிப் பையில் போட்டு நர்ஸ் கொடுத்திருந்தாள். பை மடியில் இருந்தது. ஹெல்மெட்டுகள் காலடியில் இருந்தன. மதியம் படியில் உட்கார்ந்து கையசைத்த அதே ஊழியர்தான் கதவைச் சாத்தினார். சாத்திவிட்டு, டிரைவருக்குத் தெரிவதற்காக வெளியிலிருந்து வண்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையால் இரண்டு முறை தட்டினார்.

வண்டி கிளம்பியது. மைதான வாசல் வரைக்கும் அவள் அசையாமல் இருந்தாள். பிறகு கையை நீட்டி, டிரைவருக்கும் அவளுக்கும் நடுவே இருந்த தகரத் தடுப்பில் ஒரு முறை தட்டினாள். பலமாகக்கூட இல்லை.

வண்டி உடனே நின்றது.

“என்னம்மா?” டிரைவர் சின்ன ஜன்னலைத் தள்ளித் திரும்பிப் பார்த்தார். “என்னாச்சு?”

“ஒண்ணுமில்ல,” என்றாள். “போங்க.”