இருபத்தொன்பது டிகிரியில் நாற்பது துண்டுகள்

1
இந்தக் கதை எனக்கு வில்லியனூர் பேருந்தில், ஒரு வெள்ளிக்கிழமை மாலை கிடைத்தது. பக்கத்து இருக்கைப் பெண் போனில், "என் கையெழுத்த நானே அடிச்சிட்டேன்டி" என்றாள். ஒட்டுக்கேட்டது தப்புதான். ஆனாலும் பேச்சுக் கொடுத்து முழுவதையும் வாங்கிவிட்டேன்.

2
முதல் தொடக்கம்: 'கரும்பு வயல்களுக்கு நடுவே விமானங்கள் பிறக்கும் ஓர்—'

(அடித்தாயிற்று. அந்தத் தொழிற்சாலையில் பிறப்பது விமானமில்லை, அதன் சக்கரத்தைத் தாங்கும் அலுமினியத் துண்டு. பேருந்துப் பெண் ஆரோக்கியசெல்வி படித்தால் சிரிப்பாள்.)

உலோகம் வெட்டும் சிஎன்சி இயந்திரம் எங்கே, எவ்வளவு வெட்ட வேண்டும் என்று நிரல் எழுதும் பொறியாளர் அவள். வெட்டிய துண்டை இருபது டிகிரி அறையில் ஆறவைத்துத்தான் அளக்க வேண்டும். சூட்டில் உலோகம் ஒரு தலைமுடி அளவு பெருத்துக் காட்டும். விமானத்துக்கு அந்தத் தலைமுடியும் ஆகாது.

3
வியாழனன்று நாற்பது துண்டுகளை அளந்து, சரியென்று கையெழுத்திட்டாள். மறுநாள் பெட்டிகள் வண்டியில் ஏறும்போதுதான் அளவறையின் வெப்பப் பதிவைப் பார்த்தாள். கரண்ட் போய் வந்ததில் ஏசி மட்டும் ஓடவேயில்லை. அளந்தபோது இருபத்தொன்பது டிகிரி.

(அது கூடவா தெரியாது என்பீர்கள். நானும் கேட்டேன். நாளெல்லாம் இயந்திரங்களோடு வெந்துவிட்டு வந்தவளுக்கு இருபத்தொன்பதே ஜில்லென்று இருந்திருக்கிறது.)

"வண்டிய நிறுத்துங்க சார்" என்றாள்.

மேலாளர் மணிபாரதி பதறினார். "மொத ஆர்டர்மா! ரெண்டு வருசம் அலைஞ்சு வாங்கனது. இன்னிக்கு போவலன்னா வேற எவனாவது தட்டிக்கினு பூடுவான். யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியுதே சார்."

(இவ்வளவு நல்லவளா என்று எனக்கே சந்தேகம். 'அவள் ஒரு கணம் தயங்கி, பதிவுத் தாளைக் கிழித்து—' என்று எழுதிப் பார்த்தேன். கை வரவில்லை. வேலை தெரிந்தவர்கள் மேல் எனக்கொரு மயக்கம் உண்டு, மறைப்பானேன்.)

4
ஏசியை ஓடவிட்டு, ஆறவைத்து மறுபடி அளந்தாள். நாற்பதும் அளவுக்குக் கீழே. வெட்டியதை ஒட்டவா முடியும்? கையெழுத்தை அடித்துவிட்டு, தவறு தன்னுடையது என்று வாடிக்கையாளருக்குத் தானே எழுதினாள்.

"வேலை போயிட்டா?" என்றேன் பேருந்தில்.

"பயமாத்தான் சார் இருக்குது. அதுக்குன்னு அனுப்ப முடியுமா? ஃப்ளைட்டு உள்ள ஆளுங்க ஒக்காந்திருப்பாங்களே."

5
பதில் திங்கட்கிழமை வருமாம். இன்று ஞாயிறு. ஆர்டர் நிலைக்கும் முடிவொன்றும், வேலை போய் அவள் வீட்டுக்குப் போகும் முடிவொன்றும் எழுதி, இரண்டையும் கிழித்துவிட்டேன்.

நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். அவளை வேலையை விட்டு அனுப்புவதானால் மட்டும், அடுத்த நாற்பதை யார் அளப்பார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.