வாடகைக்கு ஒரு குழந்தைக் கட்டில்

1.
இந்தக் கதை எனக்குச் சுமைகூலியோடு சேர்ந்து வந்தது. வீட்டில் சும்மா கிடக்கும் பொருளை வாடகைக்கு விடுகிற செயலி ஒன்றுக்கு வண்டியில் சாமான் ஏற்றி இறக்குகிறவன் நான். ஏன் வாங்காமல் வாடகைக்கு எடுக்கிறீர்கள் என்று செயலி எல்லோரையும் கேட்கும். குழந்தைக் கட்டில் கேட்டிருந்த ஒருத்திக்காக நான் எழுதிப் பார்த்த பதில்கள்:

"அவள் சிக்கனக்காரி, ஆகவே" – அடித்துவிட்டேன். கேட்டிருந்த வாடகைக்குப் புதுக்கட்டிலே வாங்கலாம்.

"பூமியில் குப்பை சேரக் கூடாதென்று அவள்" – இதுவும் ஆகாது. அது அவள் கணவன் ஊருக்குச் சொல்கிற காரணம். கேட்டவர்களும் மெச்சினார்கள்.

2.
அவள் பல் மருத்துவரிடம் வரவேற்பாளர். நிறைமாதம். முன்பு இரண்டு தடவை புதுக்கட்டில் வாங்கினார்கள். இரண்டு தடவையும் பிள்ளை வீடு வந்து சேரவில்லை. வாடகைப் பொருளென்றால் திருப்பிக் கொடுப்பது சாதாரணம். ஏனென்று யாரும் கேட்க மாட்டார்கள்.

(நான் இட்டுக்கட்டவில்லை. படியில் மூச்சு வாங்கியபோது கணவன் சொன்னது. சேர்ந்து பாரம் தூக்கினால் மனிதர்கள் பேசிவிடுவார்கள்.)

3.
கட்டிலுக்கு உரியவள் ஒரு தையல்காரி. கட்டிலை அவர்கள் மாடி வீட்டு வாசலில் இறக்கியபோது அவளே கணவனின் போனில் வந்தாள்; ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்டது. நன்றி சொல்லும் சாக்கில் கணவன் பாதியை உளறியிருந்தான்.

"யாரோ விருந்தாளிப் புள்ளைக்குன்னு நெனச்சேன். நீங்கதான் மாசமா இருக்கீங்களாமே தங்கச்சி? வாடகையெல்லாம் வேணாம். இனி அது உங்க கட்டில்."

"இல்லக்கா, வாங்கிக்குங்க."

"பச்சப்புள்ள படுக்கிறதுக்குக் காசு வாங்கினா எனக்குச் சோறு எறங்குமா?"

"அப்ப வேணாம். அண்ணே, கீழ எடுத்துட்டுப் போயிடுங்க."

"சும்மா குடுக்கறாங்க, வாங்கிக்கயேன்," என்றான் கணவன்.

"சும்மாங்கிறதுதான் பயமா இருக்கு. எனக்கே சொந்தமாயிட்டா, யார்கிட்டப் போய்த் திருப்பிக் குடுக்கறது?"

போனில் ஓடிக்கொண்டிருந்த தையல் இயந்திரம் நின்றது.

"நான் நல்லதுக்குத்தானேம்மா சொன்னேன்," என்றாள் தையல்காரி. குரல் இறங்கியிருந்தது. வாடகை வாங்கிக்கொள்கிறேன் என்று மட்டும் சொல்லவில்லை.

நானும் கணவனும் கட்டிலை மறுபடி தூக்கினோம்.

4.
நான் எழுதிப் பார்த்த ஒரு முடிவில் தையல்காரி பேருக்கு ஒரு வாடகை கேட்கிறாள். படித்துப் பார்த்தேன், பாகாக வழிந்தது.

இன்னொன்றில் கட்டில் வண்டியேறுகிறது. அவள் காலியான அறையில் நின்று வயிற்றைத் – வேண்டாம், அந்த அறைக்குள் நான் போனதே இல்லை.

நடந்தது எனக்குத் தெரியும். சொன்னால், பிள்ளை பிழைத்ததா என்று அடுத்துக் கேட்பீர்கள். பிறகு எல்லாவற்றையும் கட்டிலின் தலையில் கட்டுவீர்கள். அவள் பயந்ததும் அதற்குத்தான்.

ஆகவே இங்கேயே நிறுத்துகிறேன். அவள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கணவன் போனோடு ஒதுங்கிவிட்டான்; அவன் விட்ட பக்கத்தை நீங்கள் பிடியுங்கள்.

உள்ளேயா, கீழேயா? சீக்கிரம் சொல்லுங்கள், கை கடுக்கிறது.