கொம்பன் ஓங்கும் நேரம்

கொம்பன் சம்மட்டியை ஓங்கியதும் அடித்துவிட மாட்டான். தலைக்கு மேலே ஒரு கணம் நிறுத்துவான். வீடியோ விளையாட்டுகளுக்கு எதிரிகளை உருவாக்கும் அவளுக்கு அந்த நிறுத்தத்தில்தான் உயிரே. ஒரு நொடியை அறுபது துண்டாக நறுக்கினால், கொம்பனின் ஓங்கலுக்கு அவள் முதலில் கொடுத்தது இருபத்துநான்கு துண்டு. அதற்குள் ஆடுபவர் பார்த்து, புரிந்துகொண்டு, வலது கட்டைவிரலால் கேடயப் பொத்தானை அழுத்திவிடலாம். தவறவிட்டுச் செத்தாலும் தன்னைத்தான் திட்டிக்கொள்வார், மறுபடி வருவார். ஓங்காமல் அடிக்கிற எதிரியை மட்டும் யாரும் மன்னிப்பதில்லை.

அந்த இடைவெளி சரியா என்று ஆடிப் பார்த்துச் சொல்வது அண்ணனின் வேலை. எட்டு வருஷமாக அவன்தான் சோதனைக்காரன். அவள் செய்த அத்தனை எதிரிகளும் அவன் கையால் செத்த பிறகே வெளியே போயிருக்கிறார்கள்.

"உன் ஆளு அழுகுணி ஆட்டம் ஆடறான், வாயாடி. கொஞ்சம் மூச்சு விடவிடு" என்றான் மூன்று மாதத்துக்கு முன்பு. அவள் இருபத்தெட்டு ஆக்கினாள். பிறகு முப்பத்திரண்டு. போன வாரம் முப்பத்தாறு.

இன்று காலை நிறுவனத் தலைவர் வரவேற்பறைப் பெண்ணைக் கூட்டிவந்து ஆடச் சொன்னார். வீட்டில் பிள்ளைகளோடு எப்போதாவது ஆடுகிறவள். முதல் தடவையிலேயே கொம்பனைச் சாய்த்துவிட்டுத் திரும்பினாள்.

"இவரு அடிக்கிறாரா, சோம்பல் முறிக்கிறாரா?"

அறையே சிரித்தது. தலைவர் சிரிக்கவில்லை. "யாரை வெச்சும்மா அளந்தீங்க? சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணுங்க. அளந்த ஆளுக்கே முடியலன்னா, வேற ஆளப் பார்க்க வேண்டியதுதான்."

அவள் பதிவைத் திறந்தாள். யார், எந்தப் பொத்தானை, எத்தனையாவது துண்டில் அழுத்தினார்கள் என்று எல்லாம் அதில் இருக்கும். நாலு மாதத்துக்கு முன்பு, சம்மட்டி எழுந்த பதினாறாவது துண்டில் அண்ணன் கேடயத்தைப் பிடித்திருந்தான். அப்புறம் இருபத்தாறு. இப்போது முப்பத்துநான்கு. கண் கோளாறாக இருக்குமோ என்று இடது கையின் பதிவைப் பார்த்தாள். ஓங்கியதும் ஆட்டக்காரனைப் பின்னுக்கு இழுக்கும் இடது விரல் இன்றைக்கும் பதினாறிலேயே நகர்ந்திருந்தது. கண் பார்க்கிறது. வலது கைக்குத்தான் சேதி போய்ச் சேரவில்லை.

சோதனை அறையில் அவன் தனியாக இருந்தான்.

"அண்ணா, வலது கையை நீட்டு."

"எதுக்கு, ஜோசியம் பாக்கவா?"

"நீட்டு."

நீட்டினான். கட்டைவிரலின் அடிச்சதை வற்றிக் குழிவிழுந்திருந்தது. அழுத்தச் சொன்னாள். அவள் உள்ளங்கையில் ஒரு பூச்சி உட்கார்ந்த மாதிரி இருந்தது.

"எப்பலேர்ந்து?"

"நீ இருபத்தெட்டு ஆக்கினியே, அதுக்கு முன்னாடியே."

"டாக்டர்கிட்ட?"

"போனேன். நரம்பாம். திரும்ப வராதுன்னாரு. மத்த கைக்கும் வருமான்னு கேட்டேன், பேச்சை மாத்திட்டாரு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

அவன் திரையைப் பார்த்தான். "நீ ஒவ்வொரு தடவை அவனை மெதுவாக்கும்போதும் நான் ஜெயிச்சேன். ஜெயிச்ச அன்னிக்கு மட்டும் கை சரியாயிட்ட மாதிரி இருந்துது."

அவள் நாற்காலியை அவன் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இன்னும் ஒரு வாரம் இப்படியே விடேன்" என்றான். அவளிடம் எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவன்.

விடலாம். தலைவரிடம் தவணை கேட்கலாம். அப்படியே விட்டால் ஆயிரக்கணக்கானவர்கள் கொம்பனைப் பார்த்துக் கொட்டாவி விடுவார்கள். அதைவிட, அவன் இன்னும் ஒரு வாரம் குணமானதாக நம்பிக்கொண்டிருப்பான். அவள் விசைப்பலகையை இழுத்து இருபத்துநான்கு என்று அடித்தாள்.

மாற்றத்தைச் சோதித்தவர் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. அவன் உட்கார்ந்தான். செத்தான். எழுந்தான். மறுபடி செத்தான். பத்தொன்பது தடவை. அவள் எழுந்து போகவில்லை. வேறு பக்கம் பார்க்கவுமில்லை.

பிறகு அவன் இடது கை ஆள்காட்டி விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அறிக்கையில் அடித்தான்: இடைவெளி சரியாக இருக்கிறது. ஏற்கலாம்.