முட்டிக்குள் படிந்த உப்பு

சுகாதார நிலைய வாசலில் வண்டியிலிருந்து என் அண்ணன் ஃபலனிகோ இறங்கிய விதத்திலேயே தெரிந்துவிட்டது, சண்டைக்குத்தான் வந்திருக்கிறான் என்று. வலது முட்டி பப்பாளிப் பழம் போல வீங்கியிருந்தது. பின்னாலேயே அண்ணி சுலியேதி, கையில் ஒரு சிரட்டைத் தண்ணீரோடு வந்தாள்.

அந்தத் தண்ணீர் எதற்கென்று எங்கள் சமோவாத் தீவில் யாரையும் கேட்க வேண்டியதில்லை. தங்கை விட்ட சாபத்தைத் தங்கைதான் வாயில் நீர் கொண்டு கொப்பளித்து உமிழ்ந்து எடுக்க வேண்டும்.

சாபம் விட்டது நிஜம். அப்பா செத்து, அவருடைய தலைவர் பட்டத்தை யாருக்குக் கொடுப்பது என்று குடும்பம் கூடிய அன்று, "புருஷன விட்டுட்டு வந்தவளுக்கு இங்க என்ன பேச்சு?" என்றான் அண்ணன். அத்தனை பேர் முன்னால். எனக்குத் தலைக்கேறிவிட்டது. "அப்பா உக்காந்த தூண்ல நீ உக்காந்திடுவியா? உன் முட்டி மடங்காமப் போகட்டும்" என்றேன்.

பட்டம் அண்ணனுக்கே போனது. ஊர்க் கூட்டத்தில் குடும்பத் தலைவர் ஒவ்வொருவருக்கும் ஒரு தூண். அதில் சாய்ந்து காலை மடக்கி மணிக்கணக்கில் உட்கார வேண்டும். காலை நீட்டினால் எதிரில் இருப்பவர் முகத்தில் நீட்டியதாகத்தான் அர்த்தம். அவன் என்னிடம் வருவதற்கு முந்தின நாள் கூட்டத்தில், பெரிய தலைவர் பேசும்போது அண்ணன் வலி தாங்காமல் நீட்டிவிட்டானாம். எதிர்த்தூண் பெலெனாதோ விடுவாரா? "தங்கச்சி வாய் நல்லா வேல செய்யுது. அடுத்த கூட்டத்துலயும் இப்படின்னா, அந்த எடத்துக்கு வேற ஆளப் பாத்துக்கலாம்" என்றாராம்.

"எடு" என்றான் அண்ணன், என் மேசைக்கு முன்னால் நின்றபடியே. "சாபத்த எடு. உங்கிட்ட மன்னிப்புக் கேக்க வரல."

"எப்போலேர்ந்து வலி?"

"நீ குடுத்த மாத்திரையப் போட்ட மூணாவது வாரத்துலேர்ந்து. முன்னாடியெல்லாம் கால் கட்டைவிரல்ல, வருஷத்துக்கு ரெண்டு தடவதான் வரும். இப்ப முட்டி. சாபமும் உன்னோடது, மாத்திரையும் உன்னோடது."

"மிச்சத்த நான் கடல்ல வீசிட்டேன்" என்றாள் அண்ணி.

பதினாறு வருஷமாக இந்தச் சுகாதார நிலையத்தில் நான்தான் நர்ஸ். கவுட் என்கிற இந்த மூட்டுவலி சமோவாக்காரர் ரத்தத்திலேயே இருக்கிறது. யூரிக் அமிலத்தை எங்கள் சிறுநீரகம் சரியாக வெளியேற்றாது. மிஞ்சுவது, எலும்பும் எலும்பும் சேருகிற இடத்தில், வழுக்கிக்கொண்டு அசைய வேண்டிய மூட்டுக்குள் ஊசி ஊசியான உப்பாகப் படியும். தின்ற கொழுப்பு என்று ஊர் சிரிக்கும். மாத்திரை அந்த உப்பைக் கரைத்துவிடும். கரையத் தொடங்கும் முதல் சில மாதங்களில் ஊசிகள் கிளம்பி, வலி முன்னைவிட மோசமாகக்கூட வரும். பயந்து விட்டுவிட்டால் உப்பு மறுபடி சேர்ந்து மூட்டையே அரித்துவிடும்.

சிரட்டையை வாங்கினேன். ஒரு வாய்த் தண்ணீர் போதும். உமிழ்ந்தால் நான் பெரிய மனுஷி. வலி இரண்டு வாரத்தில் தானாக அடங்கும், சாபம் போயிற்று என்பார்கள். பெலெனாதோவின் வாயும் அடைபடும். மாத்திரையை மட்டும் அண்ணன் இனித் தொடமாட்டான். ஐம்பது வயதுக்குள் அந்தக் கால் கட்டையாகிவிடும்.

சிரட்டையைக் கீழே வைத்தேன்.

"இது சாபம் இல்லண்ணா. டாக்டர் உனக்கு ரெண்டு மாத்திரை எழுதியிருந்தாரு. ஒண்ணு உப்பக் கரைக்க, ஒண்ணு வலி வராமத் தடுக்க. நான் ஒண்ணுதான் குடுத்தேன்."

"ஏன், தீந்துபோச்சா?"

"இல்ல. உள் அலமாரியில இருந்துச்சு. அன்னிக்கு நீ பேசின பேச்சுக்கு, உனக்காக எழுந்து போகணுமான்னு விட்டுட்டேன். மொதல்ல வலி கூடும்னும் சொல்லல. தெரிஞ்சேதான் சொல்லல."

அண்ணி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அண்ணன் என்னை அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சாபம் கோவத்துல வர்றது" என்றான் கடைசியில். "நான் பேசின பேச்சுக்கு நீ சாபம் விட்டே, சரி. இது நொண்டிக்கிட்டு வந்து நின்னவன் மூஞ்சியப் பாத்துக்கிட்டே செஞ்சது."

நான் எழுந்து உள்ளே போய் இரண்டு மாத்திரைகளையும் எடுத்து வந்தேன். அவன் உறைகளைப் பிடுங்கிக்கொண்டான்.

"இனிமே எனக்குத் தங்கச்சி கெடையாது. நர்ஸ்தான் உண்டு. நர்ஸ் சொல்லட்டும், எப்படிப் போடணும்?"

"ரெண்டையும் தெனம், சாப்பாட்டுக்கு அப்புறம்" என்றேன். "வலிக்குதுன்னு நிறுத்திடாதீங்க."