ஒரே கண்ணாடி, இரண்டு பெண்கள், ஒரு பெர்ல் நிரல்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை இலக்கிய தாகத்தில் பிறக்கவில்லை. பத்து பெரெண்டாம் என்கிற ஊரில் என் ஆபீசில், பெர்ல் மொழியில் ஒரு கணினி நிரல் எழுதச் சொன்னார்கள். யார் எங்கிருந்து கேட்டாலும் அது ஒரே பொருளைத்தான் தரவேண்டும். இருந்தால் இருப்பதையே கொடு. இல்லாவிட்டால் ஒன்றைச் செய்து, பிறகு அதையே எல்லாருக்கும் கொடு.

my $kannadi;
sub edu { return $kannadi ||= bless {}, shift; }

இரண்டு வரி. காலை முழுக்க ஆயிற்று. பொருளுக்குக் 'கண்ணாடி' என்று பெயர் வைத்தேனா, நிரல் அங்கேயே நின்றுவிட்டது, கதை கிளம்பிவிட்டது. மேனேஜருக்கு இன்னும் தெரியாது.

2

1957, காஜா பெராங் என்ற ஊர்.

[தொடக்கம்: "மெர்டேக்காவுக்கு, அதாவது நாட்டின் சுதந்திரத்துக்கு, முந்தைய அந்த மழைநாளில் காற்றுகூட..." சீ, வேண்டாம்.]

கமலவேணி, பூங்காவனம் என்று அக்காள் தங்கை. இருவருக்கும் கிட்டப்பார்வை. வீட்டில் மூக்குக்கண்ணாடி ஒன்றுதான். வெளியே போகிறவள் போட்டுக்கொள்வாள். இன்றைக்குக் கமலவேணியைப் பெண் பார்க்கத் தெங்கேராவிலிருந்து மாப்பிள்ளை சேதுபதி வீட்டார் வருகிறார்கள். அவளுக்கு ஒரே ஆசை: கட்டிக்கொள்ளப் போகிறவன் முகத்தை ஒருதரம் தெளிவாகப் பார்த்துவிட வேண்டும்.

"கண்ணாடியோட வந்து நின்னா, நொள்ளைக் கண்ணின்னு எழுந்து போயிடுவாங்க. கழட்டு," என்றாள் அம்மா மீனாச்சி.

"அவரு மூஞ்சி எனக்குத் தெரிய வேணாமாம்மா?"

"கட்டின பொறகு தினமும் பார்த்துக்கலாம் லா."

[அம்மாவைக் கெட்டவளாக்கப் பார்த்தேன், முடியவில்லை. போன சம்பந்தம் கண்ணாடியால்தான் தட்டிப்போனது. பாவம், பயந்துபோய்ப் பேசுகிறாள்.]

3

கண்ணாடி பூங்காவனத்திடம் போயிற்று. கமலவேணி காப்பித் தட்டோடு கூடத்துக்கு வந்தாள். நாற்காலியில் ஒரு வெள்ளைச் சட்டை தெரிந்தது. அதற்கு மேலே முகம் இருக்கவேண்டிய இடத்தில் கலங்கலாக ஏதோ இருந்தது.

இங்கே எனக்கு ஒரு குறுக்குவழி உண்டு: இன்னொரு கண்ணாடி. எழுதுகிறவனுக்கு என்ன செலவு? 'பக்கத்து வீட்டில் ஒரு...' என்று ஆரம்பித்து அடித்துவிட்டேன். மேலே நிரலில் ஒன்றே ஒன்று என்று சத்தியம் செய்துவிட்டுக் கீழே கதையில் ஏமாற்றினால், இரண்டு தொழிலுக்கும் லாயக்கில்லாதவன் ஆகிவிடுவேன்.*

* ஏற்கெனவே ஆகிவிட்டேன் என்பது என் மனைவியின் கட்சி.

4

உள்ளே வந்தவள், கதவோரம் நின்ற தங்கையின் கையைப் பிடித்தாள். "எப்படிடி இருக்காரு?"

பூங்காவனம் வர்ணிப்பதற்காக ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன், மீசை, நெற்றி, கண்றாவி உவமைகள் சகிதம். படுபாவி, அதில் ஒரு வரிகூடச் சொல்லவில்லை.

"நான் எதுக்குச் சொல்லணும்? நீயே பாருக்கா."

கண்ணாடியைக் கழற்றி அக்காள் முகத்தில் மாட்டி, தோளைப் பிடித்துக் கூடத்துக்குள் தள்ளிவிட்டாள்.

"ஐயோயோ!" என்றாள் அம்மா. சேதுபதியின் அப்பா வாயில் வைத்த பிஸ்கட்டைக் கடிக்க மறந்தார். கமலவேணி நிமிர்ந்து பார்த்தாள். சேதுபதிக்கு வேர்த்துக் கொட்டியது.

"கண்ணாடி போடுவீங்களா?" என்றான்.

"போட்டாதான் தெரியும்," என்றாள்.

5

முடிவு ஒன்று: அவன் சிரிக்கிறான், தேதி குறிக்கிறார்கள். முடிவு இரண்டு: எழுந்து போய்விடுகிறார்கள். முடிவு மூன்று: அவன் மட்டும் திரும்பி வந்து...

எல்லாவற்றிலும் ஒரே கோளாறு. தீர்மானம் செய்வது அவன் அல்லது அவன் வீட்டார். அவளை ஒருவரும் கேட்கவில்லை. இவ்வளவு வாய் பேசுகிற நானும் கேட்கவில்லை, வெட்கமாக இருக்கிறது. சரி, இப்போது கேட்கிறேன். கமலவேணி, உனக்குப் பிடிச்சிருக்கா?

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"இருங்க," என்கிறாள். "இப்பதானே பார்க்கிறேன்."