சுசீலா மொழிபெயர்த்த வாக்கியம்

சின்னராசுவின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள் என்று சபையில் ஜெபக் குறிப்பு வாசித்தபோது, சுசீலாவுக்கு முதலில் வந்தது கோபம்தான். நான்கு மாதங்களுக்கு முன்பு, சிராங்கூன் சாலைக் கடைவீடு ஒன்றின் மாடியில் நடந்த எழுப்புதல் கூட்டத்தில், வெளிநாட்டிலிருந்து வந்த பிரசங்கியார் அவன் தலையில் கைவைத்து ஜெபித்தார். அவருடைய ஆங்கிலத்தைப் பக்கத்தில் நின்று தமிழில் சொன்னவள் சுசீலா. ஜூரோங் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்த சின்னராசு மறுநாளே சர்க்கரை மாத்திரையை நிறுத்தினான். பாதத்தில் வந்த புண்ணையும் யாரிடமும் காட்டவில்லை.

அந்தப் பிரசங்கியார் கள்ளத் தீர்க்கதரிசி, அவரை இனி அழைக்கவே கூடாது என்று போதகரிடம் வாதாடத் தயாரானாள். ஆதாரத்துக்காகக் கூட்டத்தின் பதிவைப் பொங்கோலில் உள்ள தன் வீட்டில் போட்டுக் கேட்டாள்.

உன்னைக் குணமாக்கக் கர்த்தர் வல்லவர் என்றுதான் அவர் ஆங்கிலத்தில் சொல்லியிருந்தார். அடுத்த நொடி அல்லேலூயா சத்தத்துக்கும் மேலே அவளுடைய குரல் எழும்பியது.

"கர்த்தர் உன்னைக் குணமாக்கிவிட்டார்!"

சுசீலா திரும்பத் திரும்பக் கேட்டாள். அன்று தனக்குள் பொங்கியதைப் பரிசுத்த ஆவி என்றே இத்தனை நாளும் நம்பியிருந்தாள். இப்போதோ, கூட்டம் ஆர்ப்பரிக்க ஆர்ப்பரிக்கத் தன்னை மறந்த ஒரு பெண்ணின் குரல் மட்டுமே கேட்டது.

போதகர் அந்தப் பதிவைக் கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டார். "இதக் கிளறி இப்ப என்ன ஆகப்போகுது, சிஸ்டர்? சபை பேரு கெட்டுடும் லா. ஆண்டவர்கிட்ட மன்னிப்பு கேளுங்க, போதும்."

"கேட்டுட்டேன், பாஸ்டர். இன்னொருத்தர்கிட்டயும் கேட்கணும்."

மருத்துவமனையில் சின்னராசு அவளைக் கண்டதும் எழுந்து உட்காரப் பார்த்தான். "வாங்கக்கா." அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்ப என் விசுவாசக் குறைவால இல்லையா? பார்க்க வந்த பிரதர்ஸ் அப்படித்தான் சொன்னாங்க. நானும் ஆண்டவர்கிட்ட மன்னிப்பு கேட்டுக்கிட்டே கிடந்தேன்."

"நீங்க முழுசா நம்புனீங்க, தம்பி. நான்தான் அவர் சொல்லாததச் சொன்னேன்."

"உண்மையச் சொல்லிட்டீங்க. சரி." போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தைப் பார்த்தான். "கால் வராதுல்ல."

பிறகு கைப்பேசியை நீட்டினான். "ஊர்ல என் வீட்டுக்காரி கண்மணி, வேதத்துல சேர்ந்து கிறிஸ்தவனானதுக்குத்தான் குலசாமி தண்டிச்சிருச்சுன்னு அழுவுறா. அவகிட்டயும் நீங்களே சொல்லுங்க."

சொன்னாள். மறுமுனையில், "நீங்கதானா அது?" என்ற ஒரே கேள்வி. பிறகு அழுகை. இணைப்பு துண்டிக்கப்பட்டது. சின்னராசு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

சபையில் மொழிபெயர்க்க வேறொருவரை ஏற்பாடு செய்துவிட்டார்கள். ஏன் என்று யாருக்கும் சொல்லப்படவில்லை. கேட்டவர்களிடம் சுசீலாவே சொன்னாள். சிலர் அவளோடு பேசுவதை நிறுத்தினார்கள்.

மூன்று வாரம் கழித்துப் பட்டறை நிறுவனம் சின்னராசுவை ஊருக்கு அனுப்பியது. சுசீலா விமான நிலையத்துக்குப் போயிருந்தாள். அவன் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் அவனுடைய சக்கர நாற்காலியைத் தள்ள அவள் பிடியில் கைவைத்தபோது, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.